பட்டன் தேயவில்லை, டயர் கெட்டுவிட்டது!

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் தேர்ந்தெடுப்பது எப்படி?

(நமது போர்ட் கொச்சி நிருபர்)

போர்ட் கொச்சி: கோட்டைப் பகுதியிலும் மட்டாஞ்சேரியிலும் பழைய பங்களாக்களின் ஷெட்டுகளில் சில பழைய கார்கள் நிற்கின்றன. வாரம் முழுவதும் துணி போர்த்திக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரைப் பக்கம் ஒரு சுற்று வரும். அவற்றைத் துடைப்பவர், ஓட்டுபவர், ரிப்பேர் பார்ப்பவர் ஆகியோரில் நம்மவர்களும் உண்டு. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார் என்றால் முதலாளிக்கு அதன் மீது தனிப் பிரியம். பெயிண்டுக்குப் பணம் செலவழிப்பார். தோல் சீட்டுக்குச் செலவழிப்பார். டயர் விஷயம் வந்தால் மட்டும், "இது ஓடவே இல்லையே, பட்டன் எல்லாம் அப்படியே இருக்கிறதே" என்பார்.

பட்டன் அப்படியே இருப்பது உண்மைதான். அபாயமும் அங்கேதான் இருக்கிறது.

டாக்சியின் டயர் தேய்ந்து சாகிறது. ஷெட்டில் நிற்கும் காரின் டயர் கிழடாகிச் சாகிறது. தேய்மானம் கண்ணுக்குத் தெரியும். கிழத்தனம் எளிதில் தெரியாது. ஆகவே, பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எவ்வளவு வேகம் தாங்கும்?" என்பதல்ல; "எப்போது செய்தது?" என்பதுதான்.

டயருக்கும் வயது உண்டு

ரப்பர் பாலை அப்படியே உறைய வைத்தால் வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். அதனுடன் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் உறுதியும் நெகிழ்ச்சியும் வருகின்றன என்பதை அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டார். அந்த மாற்றம் ஆலையோடு முடிந்துவிடுவதில்லை. வெப்பமும் பிராணவாயுவும் சேர்ந்து ரப்பரை ஆண்டுக்கு ஆண்டு மேலும் இறுக்கிக்கொண்டே போகின்றன. காற்றில் சிறிதளவு இருக்கும் ஓசோன் வாயு பக்கச் சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகளை உண்டாக்குகிறது.

இதைத் தடுக்க டயர் ரப்பரில் ஒருவகை மெழுகும் சில ரசாயனங்களும் சேர்க்கிறார்கள். டயர் உருண்டு, மடங்கி நிமிரும்போது இவை மெல்ல மெல்ல மேல்பரப்புக்கு வந்து காப்புப் பூச்சாக நிற்கின்றன. ஓடாமல் நிற்கும் டயரில் இந்த வேலை சரியாக நடப்பதில்லை. தினமும் ஓடும் லாரியின் பக்கச் சுவர் வெடிக்காமல் இருக்க, துணி போர்த்திய காரின் டயர் வெடித்துப் போவதன் ரகசியம் இதுதான். தவிரவும், பல மாதம் ஒரே இடத்தில் காற்றுக் குறைந்து நின்றால், தரையில் படிந்த பாகம் தட்டையாகி உள்ளிருக்கும் நூலடுக்குகளும் கெடுகின்றன.

"டயர் பாலிஷ் போட்டால் பத்து வருஷத்து டயரும் மாப்பிள்ளை மாதிரி இருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், கல் மாதிரி இருந்தால் அது டயர் இல்லை" என்கிறார் தோப்பும்படியில் ஒரு டயர் கடையில் நெடுநாளாக வேலை பார்க்கும் நெல்லைக்காரர். நகச் சோதனை முதல் எச்சரிக்கைதான், தீர்ப்பு அல்ல. ரப்பர் மிருதுவாக இருந்து உள்ளே அடுக்குகள் விட்டுப்போன டயரும் உண்டு.

இரண்டு விபத்துகள்

2013 நவம்பர் 30 அன்று அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் சாண்டா கிளாரிட்டா நகரில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் மரத்திலும் கம்பத்திலும் மோதித் தீப்பற்றியது. 'பாஸ்ட் அண்ட் பியூரியஸ்' படங்களில் நடித்த பால் வாக்கரும், காரை ஓட்டிய அவருடைய நண்பரும் இறந்தனர். 2005-ம் ஆண்டின் போர்ஷே கரேரா ஜி.டி. கார் அது. மணிக்கு 45 மைல் மட்டுமே அனுமதிக்கப்பட்ட சாலையில் 80 முதல் 93 மைல் வரை வேகம் சென்றதே காரணம் என்று 2014-ல் விசாரணை அதிகாரிகள் முடிவு சொன்னார்கள். ஆனால் இன்னொன்றையும் குறிப்பிட்டார்கள். அந்தக் காரின் டயர்களுக்கு ஒன்பது வயது. கார் அதிகம் ஓடவில்லை. டயர் மாற்றப்படவும் இல்லை. உலகின் விலையுயர்ந்த கார்களில் ஒன்று கிழட்டு டயரில் ஓடியது.

இரண்டாவது விபத்து பணக்காரர் சமாச்சாரம் அல்ல. 2012 செப்டம்பரில் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில், இசை விழாவுக்குப் போய்த் திரும்பியவர்களை ஏற்றி வந்த பஸ்ஸின் முன் டயர் வெடித்து, பஸ் மரத்தில் மோதியது. டிரைவரும் இளம் பயணிகள் இருவரும் இறந்தனர். அந்த டயருக்கு 19 வயது கடந்திருந்தது. பஸ்ஸைவிட டயர் மூத்தது! பட்டனைப் பார்த்தால் சட்டப்படி குறை சொல்ல முடியாது. மகனை இழந்த ஒரு தாய் பல ஆண்டுகள் போராடியதன் பலனாக, 2021 பிப்ரவரி 1 முதல், லாரி, பஸ் ஆகியவற்றின் முன் அச்சில் பத்து ஆண்டுக்கு மேற்பட்ட டயரைப் போடுவதை இங்கிலாந்து தடை செய்தது.

இரண்டிலும் ஓட்டியவர் பிழைக்கவில்லை என்பதை டிரைவர் வேலையில் இருக்கும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். முதலாளிக்கு அந்தக் கார் பொழுதுபோக்கு. ஸ்டியரிங் பிடிப்பவருக்கு அது உயிர்.

நான்கு எண்களில் ஜாதகம்

டயரின் பக்கச் சுவரில் 'டி.ஓ.டி.' என்ற எழுத்துகளுடன் தொடங்கும் ஒரு வரி இருக்கும். அதன் கடைசியில் உள்ள நான்கு எண்களே டயரின் ஜாதகம். முதல் இரண்டும் வாரம். அடுத்த இரண்டும் ஆண்டு. 2319 என்று இருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம், அதாவது ஜூன் மாதம் செய்தது. சில டயர்களில் இந்த முழு வரி ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கம் உள்பக்கமாக மாட்டப்பட்டிருந்தால் காரின் அடியில் குனிந்து பார்க்க வேண்டும். நான்கு எண்களுக்குப் பதில் மூன்றே இருந்தால், அது 2000-க்கு முன் செய்த டயர். மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை; கழற்றிவிடலாம்.

எத்தனை ஆண்டு வரை நம்பலாம்? ஐந்து ஆண்டு ஆனபின் ஆண்டுக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும், நன்றாக இருந்தாலும் செய்த நாளிலிருந்து பத்து ஆண்டில் கழற்றிவிட வேண்டும் என்று மிஷெலின் கம்பெனி சொல்கிறது. ஆறு ஆண்டில் மாற்றச் சொல்லும் கார்க் கம்பெனிகளும் உள்ளன. வெயிலும் புழுக்கமும் மிகுந்த நம் பிரதேசத்தில் ஆறை ஒட்டியே கணக்கு வைப்பது உத்தமம். ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான். அது ஓடவே இல்லை என்பது அதற்கு ஆதரவான வாதம் ஆகாது.

ரயில்வேயில் வேலை செய்பவர்களுக்கு இது புதிய விஷயமல்ல. பெட்டியின் ஓரத்தில் அடுத்து ஒர்க்ஷாப்புக்குப் போக வேண்டிய தேதி எழுதப்பட்டிருக்கும். பெட்டி பளபளப்பாக இருக்கிறதே என்று அந்தத் தேதியை யாரும் தாண்டவிடுவதில்லை. டயரிலும் தேதி இருக்கிறது. படிக்கத்தான் ஆள் குறைவு.

ஹெரால்டும் அதன் தம்பியும்

வயது முடிந்தது, அடுத்து அளவு. இதற்கு நமக்குத் தெரிந்த ஒரு வண்டியையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். சென்னையை அடுத்த வண்டலூர் ஆலையில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961 முதல் ஹெரால்டு காரைத் தயாரித்து வந்தது. அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதன் மேல் இரண்டு பேர் அமரும் உடலை ஏற்றி இங்கிலாந்தில் 1962-ல் வந்ததுதான் 'டிரையம்ப் ஸ்பிட்பயர்' ஸ்போர்ட்ஸ் கார். 1980 வரை தயாரிக்கப்பட்டது. ஆகவே ஹெரால்டில் வேலை பழகிய மெக்கானிக்குக் கீழ்ப்பாகம் அன்னியமல்ல.

ஆரம்ப கால ஸ்பிட்பயரின் டயர் அளவு 5.20-13. அகலம் 5.20 அங்குலம், ரிம்மின் விட்டம் 13 அங்குலம் என்று பொருள். அது குறுக்கு நூல் டயர்; நம் கடைகளில் 'நைலான் டயர்' என்று சொல்லும் ரகம். பிற்காலத்து 1500 மாடலுக்குக் கம்பெனி போட்டது 155 மில்லிமீட்டர் அகலமுள்ள 13 அங்குல ரேடியல் டயர்.

இப்போது ஒருவர், "அகலமாகப் போட்டால் பிடிப்பாக இருக்கும், பார்க்கவும் கம்பீரம்" என்று 185/60 ஆர் 13 போட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணக்கைப் பார்ப்போம். 155/80 ஆர் 13 டயரின் மொத்த விட்டம் சுமார் 578 மில்லிமீட்டர். 175/70 ஆர் 13-க்கு 575. ஏறக்குறைய ஒன்றுதான். 185/60 ஆர் 13-க்கு 552 மட்டுமே. கார் 13 மில்லிமீட்டர் கீழே இறங்கிவிடும். ஏற்கெனவே தாழ்வான கார். கொச்சியின் வேகத்தடைகளில் அடி தட்டும். சக்கரம் சிறியதாகிவிட்டதால் ஸ்பீடாமீட்டர் 100 காட்டும்போது உண்மை வேகம் 95 அல்லது 96 ஆக இருக்கும்.

ரிம்மையும் அளக்க வேண்டும். அக்காலத்துச் சில ரிம்களின் அகலம் மூன்றரை அங்குலமே. அதற்கு 145 தான் பொருத்தம். நாலரை அங்குல ரிம்முக்கு 155 நன்றாக அமரும். 175/70 அதன் எல்லை. 185/60-க்குக் குறைந்தது ஐந்து அங்குலம் வேண்டும். குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் நடுவில் உப்பும், பக்கச் சுவர் ஆடும், வளைவில் கார் நீந்துவதுபோல் இருக்கும். காசு கொடுத்துப் பிடிப்பைக் குறைத்துக்கொண்ட கதை.

பிடிப்பு கூடினால் நல்லதுதானே?

இல்லை. இதுதான் பலருக்குப் புரியாத இடம். ஹெரால்டிலும் பழைய ஸ்பிட்பயரிலும் பின் அச்சு இரண்டு துண்டு. நடுப்பகுதியில் மட்டும் மூட்டு இருக்கும். சக்கரத்தின் பக்கம் இல்லை. வேகமாக வளைவில் திரும்பும்போது பயந்து ஆக்சிலேட்டரை விட்டால் காரின் பின்பாகம் மேலே எழும்பும். வெளிச் சக்கரம் உள்பக்கமாக மடங்கி நிற்கும். டயர் சற்று வழுக்கினால் கார் கொஞ்சம் சறுக்கி நிற்கும். டயர் விடாப்பிடியாகத் தரையைப் பற்றிக்கொண்டால் எழும்புவதும் மடங்குவதும் இன்னும் அதிகமாகி, கார் திடீரென்று சுழலும்.

இந்தக் குணத்தை அடக்கத்தான் 1970-ல் வந்த நான்காம் மாடல் ஸ்பிட்பயரில் பின் ஸ்பிரிங் அமைப்பையே மாற்றினார்கள். நம் நாட்டிலும் 1972-ல் ஹெரால்டுக்குப் பதிலாக வந்த 'கெஸல்' காரில் ஒரே துண்டான பின் அச்சு வந்தது. ஆகவே காரின் காலத்துக்கும் உடற்கட்டுக்கும் ஏற்ற பிடிப்பே போதும். அறுபது வயதுக்காரருக்கு இருபது வயதுப் பையனின் பூட்ஸ் மாட்டினால் முழங்கால் தாங்காது. வீல் பேரிங், ஸ்டியரிங் மூட்டுகள், ரிம் எல்லாம் அந்தக் காலத்துக் குறைந்த பிடிப்புக்காகக் கணக்கிட்டுச் செய்தவை.

சோழவரத்தில் கார் ரேஸ் நடந்த நாட்களை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளத்தில் ஹெரால்டும் பியட்டும் பறந்தன. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் தனி ஓடுதளம் வந்துவிட்டது. அங்கே போடும் ரேஸ் டயரை ரோட்டுக் காருக்குப் போட ஆசைப்படுகிறவர்கள் உண்டு. ரேஸ் டயரின் மெத்தென்ற ரப்பர் நன்றாகச் சூடேறினால்தான் பற்றும். கடற்கரைச் சாலையில் இருபது மைல் வேகத்தில் போகும் காரில் அது சூடேறுவதே இல்லை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் கொச்சியில், நீர் வடிய வாய்க்கால் இல்லாத மொழுமொழு டயர் தண்ணீரின் மேல் சறுக்குமே தவிர ஓடாது.

வேகக் குறியீடும் ஒன்று உண்டு. 'எஸ்' என்றால் 180 கிலோமீட்டர், 'டி' என்றால் 190, 'எச்' என்றால் 210, 'வி' என்றால் 240 வரை தாங்கும். ஸ்பிட்பயர் போன்ற வண்டிக்கு எஸ் அல்லது டி தாராளம். போர்ஷே, ஜாகுவார் போன்ற உண்மையான வேகக் காருக்கு மட்டும், கம்பெனி சொன்ன குறியீட்டுக்குக் கீழே ஒருபோதும் இறங்கக்கூடாது.

கலப்படம் கூடாது

ரேடியல் டயருக்கு மிஷெலின் கம்பெனி 1946-ல் காப்புரிமை பெற்றது. நம் நாட்டுக்கு அதை 1977-ல் ஜே.கே. டயர் கொண்டுவந்தது. நைலானும் ரேடியலும் வளைவில் நடந்துகொள்ளும் விதமே வேறு. ஒரே அச்சில் ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் மற்றொன்று போடுவது தற்கொலைக்குச் சமம். முன்னால் ரேடியல், பின்னால் நைலான் என்பதும் கூடாது. முன் சக்கரம் பற்றிக்கொள்ள, பின்பாகம் சுழன்றுவிடும். நான்கும் ஒரே ரகமாக, ஒரே அளவாக, கூடுமானவரை ஒரே காலத்தில் செய்ததாக இருப்பதே முறை.

பழைய ரிம்மில் ட்யூப் இல்லாத டயர் போடும் முன் ரிம்மின் உள்விளிம்பைப் பார்க்க வேண்டும். டயரின் ஓரத்தை நழுவாமல் பிடிக்கும் மேடு இல்லை என்றால் ட்யூப் அவசியம். கம்பி வைத்த சக்கரத்தில், கம்பி முனைகள் வழியே காற்று கசியுமாதலால், ட்யூபும் அதற்கும் ரிம்முக்கும் நடுவே ஒரு பட்டையும் வேண்டும். கடற்காற்றில் துரு ஏறிய ரிம்மை நன்றாகத் தேய்த்துப் பெயிண்ட் அடித்த பிறகே புது டயர் ஏற்ற வேண்டும்.

காற்றழுத்தம் முன்னும் பின்னும் ஒரே அளவு என்று நினைக்கக்கூடாது. ஹெரால்டு, ஸ்பிட்பயர் வகையில் பின் சக்கரத்துக்குக் கூடுதலாக வைக்கச் சொல்லியிருக்கிறது. பங்க்கில் பையன் நான்குக்கும் ஒரே அளவாகப் பிடித்துவிட்டால், மேலே சொன்ன சுழற்சிக் குணம் இன்னும் மோசமாகும்.

ரப்பர் நாட்டில் டயர் இல்லையா?

1902-ல் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் வணிக ரப்பர்த் தோட்டம் போடப்பட்டது. அது இந்த எர்ணாகுளம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ரப்பர் வாரியம் இருப்பது கோட்டயத்தில். திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்யத் தொடங்கி டயர் உலகை ஆண்ட எம்.ஆர்.எப். கம்பெனிக்கும் கோட்டயம் அருகே வடவாதூரில் ஆலை உண்டு. அப்போலோ கம்பெனியின் முதல் ஆலை 1977-ல் சாலக்குடி பக்கம் பேராம்பிராவில் தொடங்கியது. களமசேரியிலிருந்த பிரீமியர் டயர்ஸை 1995-ல் அதே கம்பெனி எடுத்துக்கொண்டது. இத்தனை இருந்தும், அறுபது ஆண்டுப் பழமையான ஸ்போர்ட்ஸ் காரின் அளவைக் கடையில் கேட்டால் பெரும்பாலும் கையை விரிப்பார்கள். தேவை குறைந்த அளவுகளுக்கு அச்சு வைத்திருப்பது ஆலைகளுக்குக் கட்டுப்படியாகாது.

ஐரோப்பாவில் பழைய கார்களுக்கென்றே பழைய தோற்றத்தில், புதிய ரப்பரில் டயர் செய்யும் கம்பெனிகள் உண்டு. 'ஸ்பிரிண்ட் கிளாசிக்' என்ற டயருக்குப் பெயர் வாங்கிய நெதர்லாந்துக் கம்பெனியான விரெடெஸ்டெய்னை 2009-ல் வாங்கியது யார் தெரியுமா? பேராம்பிராவில் பிறந்த அதே அப்போலோதான். ஆனால் அங்கிருந்து வரவழைப்பது சுலபமல்ல. 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்தது. லைசென்ஸ் இல்லாமல் கொண்டுவர முடியாது என்றாயிற்று.

இந்த நெருக்கடியில்தான் 'பழைய ஸ்டாக்' வியாபாரம் நுழைகிறது. "ஒருநாள்கூட ஓடாத ஒரிஜினல்" என்று காகிதம் சுற்றிய டயரை நீட்டுவார்கள். காகிதத்தைப் பிரித்து நான்கு எண்களைப் பாருங்கள். பதினைந்து ஆண்டு கோடவுனில் கிடந்த டயர், விலை எதுவானாலும், கண்காட்சிக்கு உதவும், சாலைக்கு உதவாது. அதைவிட, தற்போதைய சிறிய கார்களுக்கு நம் நாட்டில் செய்யப்படும் 13 அங்குல டயர்களில் விட்டமும் சுமை எண்ணும் ரிம் அகலமும் ஒத்துப்போகிற ஒன்றைத் தேடுவது நல்லது. பழைய தோற்றம் சற்றுக் குறையும், உயிர் மிஞ்சும்.

டிரைவர் செய்ய வேண்டியது

காரைக் கவனிக்கும் பொறுப்பு உங்களுடையது என்றால், ஐந்து டயரின் எண்களையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மாதம் ஒருமுறை காற்றுப் பார்த்து, காரைச் சில கிலோமீட்டராவது ஓட்டுங்கள். நெடுநாள் நிற்க வேண்டுமானால் ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெயில் படாமலும், வெல்டிங் மிஷின், மோட்டார் அருகில் இல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அவற்றின் பொறியில் ஓசோன் உண்டாகிறது. பக்கச் சுவரில் வெடிப்பு, உப்பல், ஓட்டும்போது ஸ்டியரிங்கில் புதிய நடுக்கம் இவற்றில் ஒன்று கண்டாலும் முதலாளியிடம் சொல்லுங்கள். "சார், பட்டன் இருக்கிறது, ஆனால் டயருக்குப் பன்னிரண்டு வயது" என்று எண்ணைக் காட்டிச் சொன்னால் மறுப்பவர் குறைவு. மறுத்தால், சொன்ன தேதியையும் நோட்டில் எழுதிக்கொள்வதில் தவறில்லை. டயர் வெடித்த பிறகு, "டிரைவர் ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்விதான் முதலில் வரும்.

ஸ்போர்ட்ஸ் காரைக் கண்ணால் பார்ப்பதோடு சரி என்பவர்களுக்கும் இதில் பங்குண்டு. ஊரிலிருந்து கொண்டுவந்து வாடகை வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கும் ஸ்கூட்டர், ஆண்டுக்கு நாலு முறை மட்டும் எடுக்கும் பழைய மாருதி, செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்த 'நல்ல பட்டன்' டயர் எல்லாவற்றிலும் அதே நான்கு எண்கள் இருக்கின்றன. எடவப்பாதி மழை இறங்கும் முன் ஒருநாள் சாயங்காலம் குனிந்து படித்துவிடுங்கள். காசு செலவில்லை, கண்ணாடி போட்டுக்கொண்டால் போதும்.